யாழ்ப்பாணத்தில் பாவித்த வாகனம் வாங்கமுன்: பெரிய ஜீப்பா, சின்னக் காரா?

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கினாலும் வரி கடுமையாக இருப்பதால், முதன்முதலாக வாகனம் வாங்குவோரில் பெரும்பாலானோர் பாவித்ததைத்தான் தேடுகிறார்கள். அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது. பழைய பஜிரோ ஒன்றும் நல்ல நிலையிலுள்ள வேகன் ஆர் ஒன்றும் ஏறத்தாழ ஒரே காசுக்கு விளம்பரத்தில் நிற்கும். “இந்தக் காசுக்கு இவ்வளவு பெரிய ஜீப்பா” என்று மனம் சாயும். வாங்கும் விலை ஒன்றாக இருந்தாலும் வைத்திருக்கும் செலவு ஒன்றல்ல. கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். முதல் மூன்று படிகளையும் முடிக்காமல் எந்த வாகனத்தையும் பார்க்கப் போகாதீர்கள்.

1. போன மாதம் போன இடங்களை எழுதுங்கள்

இனிமேல் போக நினைக்கும் இடங்கள் வேண்டாம். போன மாதம் உண்மையில் போய் வந்த இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிக்கூடம், திருநெல்வேலிச் சந்தை, ஆஸ்பத்திரி, கோயில், ஒரு கலியாண வீடு, சிலருக்கு ஒரு கொழும்புப் பயணம். இவை எல்லாமே தார் வீதி. குடாநாட்டில் ஏறி இறங்க மலையும் இல்லை. நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் இந்தப் பட்டியலில் எதற்கும் தேவைப்படாது.

தேவைப்படும் இடங்கள் இவைதான்: மணற்காட்டு மணல், வடமராட்சி கிழக்கின் கரையோரப் பாதைகள், சுண்டிக்குளம் பக்கம், மாரியில் வன்னி வயலுக்கும் தோட்டத்துக்கும் போகும் மண் பாதை, கரையிலிருந்து படகு இழுக்கும் வேலை. கிழமைக்கு ஒரு தடவையாவது இந்த இடங்களில் ஒன்று உங்கள் தாளில் இருந்தால் ஜீப்பைப் பற்றி யோசியுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் அந்த நாளில் ஒரு டபுள் கப்பை வாடகைக்குப் பிடியுங்கள். வருடம் முழுவதும் ஜீப்பைக் கட்டி மேய்ப்பதை விட அது எவ்வளவோ மலிவு.

ஏறி இறங்கப் போகிறவர்கள் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வருத்தம் உள்ள தாய் தகப்பனுக்குப் பிராடோ போன்ற பெரிய ஜீப் ஒரு படி உயரம், அல்டோ போன்ற சின்னக் காரோ ஒரு படி பள்ளம். வேகன் ஆர் போன்ற உயரமான சின்னக் காரின் ஆசனம் இடுப்பு மட்டத்துக்குச் சரியாக வரும். வாகனம் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிப்போய் ஏறி இறங்க வைத்துப் பாருங்கள்.

2. படலையையும் ஒழுங்கையையும் அளவெடுங்கள்

அளவு நாடாவோடு மூன்று இடத்தை அளவுங்கள்: கேற்றின் இரு தூண்களுக்கு இடைப்பட்ட அகலம், ஒழுங்கையின் ஆகக் குறுகிய இடம், ஒழுங்கை முடக்கில் மதிலுக்கும் எதிர் வேலிக்கும் உள்ள தூரம். மின்கம்பத்தைப் பிடித்து நிற்கும் இழுவைக் கம்பி ஒழுங்கைக்குள் இறங்கியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

பிராடோ 150இன் உடல் அகலம் 1,885 மிமீ. பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் 2 மீற்றரைத் தாண்டும். 8 அடி ஒழுங்கை என்பது 2,438 மிமீ. எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும் யாரோ ஒருவர் பின்னுக்கு எடுக்க வேண்டும். அல்டோ 800 ஒன்றரை மீற்றர் அகலத்துக்குள் அடங்கும். திரும்பும் ஆரை அல்டோவுக்கு 4.6 மீற்றர், பிராடோவுக்கு 5.8. முடக்கில் இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுக்க வைப்பது இந்த வித்தியாசம்தான். நீளமும் பாருங்கள்: பிராடோ 4.7 மீற்றருக்கு மேல், அல்டோ 3.4. மழைக்கு நிறுத்தும் கொட்டகையின் நீளம் இதற்குப் போதுமா?

3. மாதச் செலவைக் கணக்குப் போடுங்கள்

எரிபொருள் விலை மாதாமாதம் மாறும். ஆகவே ரூபாயில் யோசிக்காமல் முதலில் லீற்றரில் யோசியுங்கள். மாதம் 800 கிலோமீற்றர் ஓட்டம் என்று வையுங்கள்; யாழ்ப்பாணம்–கொழும்பு போய் வரும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். சின்னக் கார் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடினால் 50 லீற்றர் பெற்றோல். பெரிய டீசல் ஜீப் 8 ஓடினால் 100 லீற்றர். டீசல் லீற்றருக்குக் கொஞ்சம் மலிவாக இருப்பதை வைத்து இந்த இடைவெளியை மூடமுடியாது. விற்பவர் சொல்லும் கிலோமீற்றர் கணக்கை நம்பாதீர்கள். அது ஏ9இல் தனி ஆளாக ஓடிய கணக்காகத்தான் இருக்கும். ரவுணுக்குள் ஏசி போட்டு ஓடினால் இரண்டுமே குறையும்.

எரிபொருளை விடப் பொக்கற்றைக் கடிப்பது சேர்விஸ். அல்டோவுக்கு எஞ்சின் ஒயில் 3 லீற்றருக்குள் முடியும். பிராடோவின் 3,000 சிசி டீசல் எஞ்சினுக்கு 7 லீற்றர் வேண்டும். அதோடு முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் (திரும்பும்போது சில்லுகளை வேறு வேறு வேகத்தில் உருளவிடும் கியர்), ட்ரான்ஸ்ஃபர் பெட்டி (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிப்பது) என்று மூன்று இடத்துக்குத் தனித்தனி ஒயில். இவை சின்னக் காரில் இல்லாத செலவுகள். ரயரும் அப்படித்தான். 265/65 ஆர்17 ரயர் ஒன்றின் காசுக்கு அல்டோவின் 12 அங்குல ரயர் மூன்று வாங்கலாம்.

அல்டோ, வேகன் ஆர், விட்ஸ் சாமான்கள் பெரும்பாலும் யாழ் ரவுணிலேயே கிடைக்கும். பழைய ஜீப்பின் சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி இரவு பஸ்ஸில் போடுவிக்க வேண்டிவரும். சாமான் விடிய வந்துவிடும். ஆனால் பிழையான சாமான் வந்தால் இன்னும் இரண்டு இரவு, அதுவரை வாகனம் கராஜில்.

வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமும் எரிபொருள் வகையையும் எடையையும் பொறுத்தது. பாரமான டீசல் வாகனத்துக்குக் கூட வரும்.

4. ஜீப்தான் என்று முடிவானால்

வெளித்தோற்றத்தில் உயரமாக நிற்பதெல்லாம் நாலு சில்லு இழுவை அல்ல. இங்கே ஓடும் ஹொண்டா வெசல்களில் பெரும்பாலானவை முன் சில்லு மட்டும் இழுப்பவை. மணலில் அவற்றின் கதியும் காரின் கதியும் ஒன்றுதான்.

உண்மையான நாலு சில்லு வாகனத்திலும் இரண்டு வகை. ஹைலக்ஸ், எல்200 போன்றவற்றில் பெரும்பாலானவை தேவைப்படும்போது மட்டும் முன் சில்லுகளை இணைப்பவை. இவற்றை 4எச் எனும், நாலு சில்லும் இழுக்கும் நிலையில் காய்ந்த தார் வீதியில் ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் உருளும். நடுவில் அதை விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் இறுக்கம் முழுவதும் கியருக்கும் தண்டுக்கும் ஏறும். பிராடோ எப்போதும் நாலு சில்லிலும் ஓடுவது. நடு டிஃபரென்ஷியல் இருப்பதால் தாரில் ஓட்டலாம், அதன் லொக்கை மட்டும் மணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜீப் வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முன் டிஃபரென்ஷியல் பழுதானால் சிலர் திருத்தாமல், முன் சில்லுகளுக்கு இழுவை கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் தண்டையே கழற்றிவிடுவார்கள். லீவர் இருக்கும், டாஷ்போட்டில் படமும் இருக்கும், ஓடுவது இரண்டு சில்லில். கீழே குனிந்து, ட்ரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு தண்டுகள் போகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

எஞ்சின் வாரியாகப் பார்ப்பதானால்: பிராடோ, ஹைலக்ஸில் வந்த 1கேடி டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரின் கீழுள்ள செப்பு வாஷர் கசியத் தொடங்கினால், எரிந்த புகை ஒயிலுக்குள் இறங்கிக் கரியாகி, ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அதன் பிறகு ஒயில் அழுத்தம் விழுந்து எஞ்சினே போய்விடும். இன்ஜெக்டர் எப்போது பார்த்தது என்ற பில் இல்லாத வாகனத்துக்கு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இந்த எஞ்சினுக்கு ரைமிங் பெல்ற்றும் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பட்டி) உண்டு. மாற்றிய கிலோமீற்றர் எழுதிய துண்டைக் கேளுங்கள்.

உயரமும் இழுவையும் வேண்டும், ஆனால் ஒழுங்கை ஒடுக்கம் என்றால் ஜிம்னி நல்ல நடுவழி. புதிய மாதிரிக்குத் தரை இடைவெளி 210 மிமீ. ஆனால் பின் ஆசனத்தில் ஆளை ஏற்றினால் சாமான் வைக்க இடமில்லை, சாமானை வைத்தால் ஆளுக்கு இடமில்லை.

5. சின்னக் கார்தான் என்றால்

குடாநாட்டுக்குள் மட்டும் ஓடுவோருக்கு 800 சிசி போதும். மாதம் ஒரு தடவையாவது கொழும்புக்குப் போகும் குடும்பம் 1,000 சிசிக்குக் குறையாமல் பாருங்கள். நாலு பேரும் ஏசியும் என்றால் ஏ9இல் லொறியை முந்துவதற்கு அல்டோவுக்கு நீண்ட வெளி தேவைப்படும். பாதுகாப்பையும் கேளுங்கள். இந்தியத் தயாரிப்பான அல்டோ 800, 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பாக் இல்லாத வடிவத்தில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இரவில் வன்னியில் மாடு குறுக்கே நிற்கும் வீதியில் ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஏர்பாக் உள்ள மாதிரியைத் தேடுங்கள்.

சிவிற்றி கியர் (பெல்ற்றில் ஓடும் ஓட்டோ கியர்) உள்ள விட்ஸ், ஜப்பான் வேகன் ஆர் என்றால், அதற்கென்று குறித்த சிவிற்றி ஒயில்தான் ஊற்றியதா என்று பாருங்கள். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பெல்ற் வழுக்கும். வழுக்கத் தொடங்கிய பெட்டியைத் திருத்துவதை விட மாற்றுவதுதான் வழக்கம். ஹைபிரிட் என்றால் பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஓட்டையில் (பல கார்களில் பின் ஆசனத்தருகே இருக்கும்) தூசி அடைத்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். எங்கள் வெயிலில் அந்த ஓட்டை அடைபட்டால் பற்றரி சூடேறியே ஆயுள் குறையும்.

அல்டோ 800க்கும் ரைமிங் பெல்ற்தான். பில் கேளுங்கள்.

6. கீழே படுத்துப் பாருங்கள்

ஒரு பழைய சாக்கு, ரோச் லைற், சின்னச் சுத்தியல், கம்பித் தூரிகை, கொஞ்சம் தின்னர். இவ்வளவும் போதும்.

கடற்காற்றும், தீவுப்பகுதிப் பாலங்களில் தெறிக்கும் உப்புநீரும், உவர்க் கிணற்றில் கழுவும் பழக்கமும் சேர்ந்து இங்கத்தைய வாகனத்தைக் கீழிருந்துதான் தின்னும். ஜீப்பின் செசி, அதாவது அடிச்சட்டம், பெரும்பாலும் பெட்டி வடிவம்; கறல் உள்ளே பிடித்து வெளியே வரும். பின் சில்லுக்கு மேலே செசி வளையும் இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்த இடம் சத்தமடங்கித் தூள் கொட்டும். கீழ்ப்பக்கம் முழுவதும் புதிதாகத் தார்க் கறுப்பு அடித்திருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. எதையாவது மறைக்கத்தான் பெரும்பாலும் அடிப்பார்கள். சின்னக் காரில் கதவுகளின் அடி விளிம்பு, பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பிரேக் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள்.

செசி இலக்கம். பெரும்பாலான ஜீப்களில் வலது முன் சில்லின் பக்கத்தில், செசி இரும்பிலேயே பொறித்திருக்கும். சேற்றையும் கறலையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, தின்னரால் துடைத்து, ரோச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்திலும் ஒரே வரிசையிலும் இருக்கின்றனவா? சுற்றிவர கிரைண்டர் கீறலோ, சதுரமாக வெல்டிங் வரம்போ தெரிகிறதா? பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய ஜீப் ஒன்றின் புத்தகத்தை வைத்து வேறொரு ஜீப்பை ஓடவிடும் மோசடி நாட்டில் புதிதல்ல. சின்னத் தவறு கண்டாலும் விலை பேசாமல் விலகுங்கள், அதைத் திருத்த வழியே இல்லை.

வெள்ளத்தில் நின்ற வாகனங்களையும் கவனியுங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தின் பின் தென்பகுதியிலிருந்து வரும் வாகனங்களைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். ஆசனப் பட்டியைக் கடைசிவரை வெளியே இழுத்தால் சேற்றுக்கோடு தெரியும். ஸ்பெயார் சில்லைத் தூக்கி அதன் குழியைப் பாருங்கள். கார்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கள்.

7. குளிர்ந்த எஞ்சினோடு ஓடிப் பாருங்கள்

“வரமுன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பொனெற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெள்ளைப் புகை நின்றால் தலைப் பாகத்தில் தண்ணீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் குளிராக இருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளைப் படிவு விடுவதைப்போல றேடியேற்றருக்குள்ளும் விடும். கூலன்ற் ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீரில் வருடக்கணக்கில் ஓடிய வாகனம் ரவுணுக்குள் சூடேறாது, கொழும்புப் பயணத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே சோதனை ஓட்டத்தைச் சந்தியைச் சுற்றி முடிக்காதீர்கள். நாவற்குழி தாண்டிக் கொடிகாமம் வரை ஏ9இல் ஏசியோடு ஓட்டி, திரும்பி வந்து பத்து நிமிடம் நிறுத்தாமல் விட்டு வெப்பமுள்ளைப் பாருங்கள். ஜீப் என்றால் ஒரு மணல் நிலத்தில் 4எச், 4எல் (மெதுவாக, கூடிய பலத்தோடு இழுக்கும் நிலை) இரண்டையும் போட்டு நகர்த்துங்கள். டாஷ்போட்டு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் அது இணையவில்லை.

8. புத்தகம், கையொப்பம், காசு

இங்கே அதிகம் கேட்கும் வசனம்: “புத்தகம் மச்சானின்ரை பேரிலை அண்ணை, அவர் கனடாவிலை, ஓப்பின் பேப்பர் கிடக்கு, பிரச்சினையில்லை.” பிரச்சினை இருக்கிறது. ஓப்பின் பேப்பர் என்பது பழைய உரிமையாளர் திகதி போடாமல் கையொப்பமிட்ட பத்திரம். அது நாலு கை மாறியிருந்தால், இடையில் யாராவது வழக்கில் சிக்கியிருந்தாலோ உரிமையாளர் இறந்திருந்தாலோ மாற்றம் நின்றுவிடும். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி இங்கே பதிவு செய்த அற்றோணிப் பத்திரம் இருக்க வேண்டும். அதில் வாகனத்தை விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். காணிக்கு மட்டும் கொடுத்த பத்திரங்களைக் காட்டுவோரும் உண்டு.

கையில் எடுக்க வேண்டியவை: மூலப் பதிவுப் புத்தகம், விற்பவர் கையொப்பமிட்ட எம்.டி.ஏ. 8 படிவம், நீங்கள் நிரப்பும் எம்.டி.ஏ. 6 படிவம், இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி. உங்கள் வரி செலுத்துநர் இலக்கமான டின் இலக்கத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்; வாகனம் பார்த்த பிறகு விண்ணப்பித்தால் நாள் இழுபடும். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக நின்றால், கடன் முடிந்த கடிதமும் பெயர் நீக்கமும் வரும்வரை காசு கொடுக்காதீர்கள். விற்பவர் உங்கள் காசில்தான் கடனைக் கட்டப்போகிறார் என்றால் அந்தக் கம்பனியின் கிளைக்கு இருவரும் ஒன்றாகப் போய் நேரே கட்டுங்கள். பெரிய எஞ்சின் ஜீப்புக்குச் சொகுசு வரி நிலுவை உண்டா, வரிச்சலுகைப் பெர்மிட்டில் வந்ததென்றால் கைமாற்றத் தடைக்காலம் முடிந்ததா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். முதலில் யாழ் கச்சேரியிலுள்ள மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால் கொழும்புக்கு அலையும் அலைச்சல் மிச்சமாகும்.

விற்பனைக் கடிதத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அன்று காலை நடந்த விபத்துக்கு மாலையில் வாங்கிய நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரக் கூடாது. காசை வங்கி வழியே மாற்றுங்கள். உரிமை மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள்.

காப்புறுதியில் மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தால் உங்கள் வாகனத்துக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் போன்ற இயற்கை அனர்த்தமும் கலவரமும் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியவை; சேர்த்திருக்கிறதா என்று பத்திரத்தில் விரல் வைத்துக் கேளுங்கள்.

9. வாங்கிய முதல் கிழமை

எஞ்சின் ஒயில், ஒயில் ஃபில்ற்றர், காற்று ஃபில்ற்றர் மூன்றையும் யார் என்ன சொன்னாலும் மாற்றுங்கள். றேடியேற்றரைக் கழுவி, கலந்து வரும் கூலன்ற்றை ஊற்றுங்கள். ஜீப்பில் டிஃபரென்ஷியல் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, முழுவதும் மாற்ற வேண்டும். மாரியில் ஆழத் தண்ணீர் கடந்த ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள். பிராடோ 700 மிமீ தண்ணீர் வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. சின்னக் காருக்குச் சில்லின் நடு வரைதான் எல்லை. அதற்கு மேல் என்றால் நிறுத்தித் திருப்புங்கள்.

மணலுக்குள் ஜீப்பை இறக்கமுன் ரயர்க் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐக்குக் குறைத்து, தாருக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். குறைந்த காற்றோடு ஏ9இல் ஓடினால் ரயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஆகவே சிகரெற் லைற்றர் துளையில் செருகும் சின்னக் காற்றுப் பம்பி ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.